மாமனார் காட்டும் சின்னத்துக்குத்தான் ஓட்டுப் போட வேண்டுமா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லராக இருக்கும் 33 வயதுச் சகோதரி எழுதியிருக்கிறார். பிறந்ததும் வாக்கப்பட்டதும் தர்மபுரி மாவட்டத்தில். கல்யாணமாகி ஒன்பது வருடங்களாகக் கணவர், மகளோடு திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறார். பதினெட்டு வயதானபோது பிறந்த ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்ந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் தன் ஊர்ப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார். குடியிருக்கும் திருப்பூரில் மட்டும் பெயர் இல்லை.

2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மாமனார் வரச்சொல்லி, முதல் நாள் இரவே பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள். வீட்டிலுள்ள நான்கு ஓட்டுக்கும் சேர்த்து அவர் ஏற்கெனவே பணம் வாங்கிவிட்டார். சூடம் ஏற்றி அடித்துச் சத்தியமும் செய்து கொடுத்திருக்கிறார். "மாத்திப் போட்டா எம் பேத்தி மேல ஆணை" என்று மருமகளிடம் சொல்லியும் அனுப்பியிருக்கிறார். இவரும் அந்தச் சின்னத்தில்தான் அழுத்தினார். "விரல்ல மை அழியற வரைக்கும் அதைப் பாக்கவே புடிக்கலீங்க" என்று எழுதுகிறார்.

இனி எம்.பி. தேர்தல் எது வந்தாலும் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார். ஆனால் பல பயங்கள். போகாவிட்டால் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை நின்றுவிடும், பட்டியலில் பேரை அடித்துவிடுவார்கள் என்று கணவர் சொல்கிறார். போய் மாற்றிப் போட்டால் கட்சிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்கிறார் மாமனார். கம்பெனியில் லீவு கேட்டால் சம்பளம் போகும். நோட்டாவில் போட்டால் ஆளையே மாற்றிவிடலாம் என்று உடன் வேலை செய்பவர் சொல்லியிருக்கிறார். அன்று செய்தது குற்றமா, போலீஸ் வருமா என்ற கலக்கமும் இருக்கிறது. கடைசியாக ஒன்று கேட்கிறார்: "வார்டு மெம்பர், எம்.எல்.ஏ.ன்னா தெருவுக்கு வருவாங்க. டெல்லிக்குப் போறவருக்கு நான் எதுக்கு ரெண்டு நாள் சம்பளத்தை விடணும்? படிச்சவங்க நாட்டுக்காகப் போடறாங்க, எங்கள மாதிரி ஆளுங்க காசுக்குத்தானே போறோம்?"

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

பயங்களை முதலில் தீர்த்துவிடுகிறேன். பயம் போன பிறகு எடுக்கிற முடிவுதான் உங்கள் முடிவாக இருக்கும்.

இந்தியாவில் ஓட்டுப் போடுவது கட்டாயம் இல்லை. விளம்பரங்களில் 'ஜனநாயகக் கடமை' என்று சொன்னாலும், அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு அடுக்கும் அடிப்படைக் கடமைகளில் வாக்களிப்பது கிடையாது. குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் கட்டாய வாக்களிப்பைக் கொண்டுவரச் சட்டம் போட்டார்கள். 2015-இல் அந்த மாநில உயர் நீதிமன்றமே அதை நிறுத்திவைத்தது. ஆகவே நீங்கள் போகாமல் இருந்தால் அபராதம் இல்லை, வழக்கும் இல்லை. உரிமைத் தொகைக்கும் ஓட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அந்தத் திட்டத்துக்குத் தகுதி பார்ப்பது வருமானம், நிலம், மின்சாரப் பயன்பாடு போன்றவற்றை வைத்துத்தான். ரேஷன் அட்டைக்கும் இதே பதில்தான்.

பட்டியலில் பெயரை நீக்குவதற்கும் காரணங்கள் சட்டத்தில் குறிப்பாக இருக்கின்றன: இறந்துபோனது, குடிபெயர்ந்தது, தகுதி இழந்தது, இரண்டு இடத்தில் பெயர் இருப்பது. 'ஓட்டுப் போட வரவில்லை' என்பது அவற்றில் ஒன்றல்ல. ஆனால் நீங்கள் பயப்படாத ஒரு காரணத்துக்காக உங்கள் பெயர் போயிருக்க வாய்ப்பு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்று நடந்ததற்காக இன்று போலீஸ் வருமா? வராது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்தான். அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தின் 171-பி, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 170. அதிகபட்சத் தண்டனை ஓராண்டுச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்த அளவு தண்டனை உள்ள குற்றங்களை ஓராண்டுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறை. அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பணத்தை வாங்கியதும் நீங்கள் அல்ல. இதை நினைத்துத் தூக்கம் கெடுக்க வேண்டாம்.

சூடமும் சத்தியமும்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது பணம் அல்ல, மகள் மேல் வைத்த ஆணை. பெற்ற வயிறு அதற்கு நடுங்கத்தான் செய்யும். 'இதெல்லாம் மூடநம்பிக்கை, தூக்கிப் போடுங்கள்' என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் சட்டம் எழுதியவர்கள் இதே நடுக்கத்தை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். வாக்காளரிடம், 'இப்படிச் செய்தால் உனக்கோ உனக்கு வேண்டியவர்களுக்கோ தெய்வக் குற்றம் வரும்' என்று நம்பவைக்க முயல்வதே தனிக் குற்றம். பழைய சட்டத்தில் 171-சி, இப்போது நியாய சன்ஹிதாவின் 171. தகாத செல்வாக்கு என்று அதற்குப் பெயர். சூடம் அடித்துச் சத்தியம் வாங்குவது நம்மூரில் நேற்று முளைத்த பழக்கம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டப் புத்தகத்தில் ஏறும் அளவுக்குப் பழையது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒப்பந்தம் பற்றிய 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி, சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் செய்த ஒப்பந்தம் செல்லாது. ஓட்டை விற்கும் பேச்சு செல்லாத பேச்சு. அதில் பாக்கி என்று எதுவும் நிற்காது. 'காசு வாங்கிவிட்டோமே, நன்றி இல்லாமல் மாற்றிப் போடலாமா' என்று எங்கள் அலுவலகத்துக்கு வரும் நல்ல மனிதர்கள்கூடக் கேட்கிறார்கள். நாணயமானவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியே வரும், அந்த நாணயத்தைத்தான் பணம் கொடுப்பவர் தனக்கு முதலாக்கிக்கொள்கிறார். உங்கள் விஷயத்தில் அதுவும் இல்லை. சத்தியம் செய்தவர் உங்கள் மாமனார். தன் ஓட்டைப் பற்றி அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். உங்கள் ஓட்டு அவர் கையில் இல்லாதபோது, அதன் பெயரால் அவர் கொடுத்த வாக்கு உங்களையும் கட்டாது, உங்கள் மகளையும் கட்டாது.

அதற்காக 'வாங்கிக்கொண்டு மாற்றிப் போடுங்கள்' என்று நான் சொல்ல மாட்டேன். வாங்காமல் இருப்பதுதான் சரி. வேலூரில் 2019-இல் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். ஏப்ரல் 18 வாக்குப்பதிவு, கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால் ஏப்ரல் 16 அன்று தேர்தலையே ரத்து செய்தார்கள். தமிழ்நாட்டின் மற்ற தொகுதிகளுக்கு எம்.பி. வந்துவிட்டார். வேலூர் மட்டும் ஆகஸ்ட் 5 வரை காத்திருந்தது. புது நாடாளுமன்றத்தின் முதல் கூட்டத்தொடரில் அந்த ஊருக்காகப் பேச உறுப்பினரே இல்லை. பணத்தைக் கையால் தொடாதவர்களும் சேர்ந்துதான் அதைச் சுமந்தார்கள்.

யாருக்கு என்ன தெரியும்?

'மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும்' என்ற பேச்சில் பாதி பொய், பாதி உண்மை. இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள்.

வாக்குச்சாவடிக்குள் நுழைந்ததும் முதல் அலுவலர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கட்சிகளின் பூத் ஏஜென்ட்டுகள் கையில் பட்டியலின் நகல் இருக்கும். அதில் உங்கள் பெயருக்கு நேரே டிக் போட்டுக்கொள்வார்கள். அடுத்தவர் விரலில் மை வைத்து, 17ஏ என்ற பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, சீட்டு கொடுப்பார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு எந்திரத்தைத் திறந்துவிடுவார். ஆக, நீங்கள் வந்தீர்களா இல்லையா என்பது எல்லாக் கட்சிக்கும் தெரியும். மாலை நான்கு மணிக்கு மேல் 'உங்க வீட்டுல ரெண்டு ஓட்டு இன்னும் வரலியே' என்று ஆள் வந்து கூப்பிடுவது இந்த டிக்கை வைத்துத்தான்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் நடப்பது வேறு. அங்கே ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். பார்வையற்றவர்கள், தானே பொத்தானை அழுத்த முடியாத அளவு உடல் நலிந்தவர்கள் மட்டும்தான் துணைக்கு ஆள் கூட்டிப்போகலாம். நீங்கள் நீலப் பொத்தானை அழுத்தினால் சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்திலிருக்கும் விவிபேட் என்ற அச்சுக் கருவியின் கண்ணாடிக்குள், நீங்கள் அழுத்திய சின்னத்தோடு சீட்டு ஒன்று ஏழு விநாடி தெரிந்து, அறுந்து பெட்டிக்குள் விழும். நீண்ட 'பீப்' சத்தம் வரும். எந்தச் சின்னத்தை அழுத்தினாலும் அந்தச் சத்தம் ஒன்றேதான். சீட்டில் உங்கள் பெயர் இல்லை, எண் இல்லை. கைபேசியை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லாததால், 'போட்டோ எடுத்துட்டு வா' என்று யாராவது கேட்டாலும் அதுவும் நடக்காது. யாருக்குப் போட்டீர்கள் என்று நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 94-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. நீதிபதி கேட்க முடியாததை மாமனார் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி உண்மையான பாதி. எண்ணிக்கை முடிந்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் படிவம் 20 என்று ஒன்றைத் தயாரிக்கிறார். அதில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை ஓட்டு என்ற கணக்கு அப்படியே இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு சாவடிக்கு ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். அதாவது உங்கள் ஓட்டு தெரியாது, உங்கள் ஊர் எப்படிப் போட்டது என்பது தெரியும். காகித ஓட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. எந்திரம் வந்ததும் அது போயிற்று. பல எந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து எண்ணும் 'டோட்டலைசர்' கருவியைக் கொண்டுவரலாம் என்று 2008-இலேயே தேர்தல் ஆணையம் கேட்டது. 2015-இல் சட்ட ஆணையமும் ஆதரித்தது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. இது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன். 'இந்தத் தெரு நமக்குப் போடவில்லை, குடிநீர்க் குழாய் அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லும் சிறுமைக்கு இது கதவு திறந்துவிடுகிறது.

ஆனாலும் நீங்கள் கேட்ட 'எதுக்குப் போடணும்' என்ற கேள்விக்குப் பதில் இதே படிவம் 20-க்குள் இருக்கிறது.

டெல்லிக்குப் போகிறவருக்கு ஏன்?

'உங்கள் ஒரு ஓட்டுதான் முடிவைத் தீர்மானிக்கும்' என்று உங்களிடம் சொன்னால் அது மிகை. நடந்தது உண்டு. 2004-இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியிலும், 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாராவிலும் சட்டமன்றத் தேர்தலில் ஒரே ஓட்டில் தோற்றிருக்கிறார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மும்பை வடமேற்குத் தொகுதியில் வித்தியாசம் 48 ஓட்டு. சிதம்பரத்தில் 2019-இல் 3,219. இப்படி அபூர்வமாகத்தான் நடக்கும். பத்துப் பதினைந்து லட்சம் பேர் உள்ள தொகுதியில் இந்த நம்பிக்கையில் ரெண்டு நாள் சம்பளத்தை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான் சொல்லும் காரணம் வேறு. தேர்தல் முடிந்ததும் கட்சிக்காரர்கள் படிவம் 20-ஐ வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். எந்தச் சாவடியில் எத்தனை பேர் வந்தார்கள், போன முறையைவிடக் கூடுதலா குறைவா, யார் பக்கம் சாய்ந்தார்கள் என்று பார்த்துத்தான் அடுத்த ஐந்து வருடத்துக்கு எங்கே போவது, யார் மனுவை முதலில் எடுப்பது என்பதைக் கணக்குப் போடுகிறார்கள். வராதவர்களைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. திருப்பூரில் வெளியூரிலிருந்து வந்து பத்து வருடம், பதினைந்து வருடம் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்கள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். பட்டியலில் இல்லாத உங்கள் தெரு, அந்த ஊர் எம்.பி.யின் கணக்கில் ஆளில்லாத தெரு. சாக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நீங்கள் கொடுக்கும் மனுவை, ஓட்டு இருக்கிற தெருவின் மனுவுக்குப் பிறகுதான் பிரிப்பார்கள். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. நடப்பு இதுதான்.

டெல்லி தூரம் என்கிறீர்கள். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிடித்தம் செய்யும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் நாடாளுமன்றம் போட்ட சட்டங்கள். பிரசவ விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது 2017-இல், அதே நாடாளுமன்றத்தில். உங்கள் அம்மாவுக்கு ஊரில் கிடைத்த நூறு நாள் வேலை 2005-இல் அங்கே பிறந்தது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்ததும் அங்கேதான். தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்பாக மாற்றி 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்களே, வேலை நேரம், ஓவர்டைம் எல்லாம் அதற்குள் அடங்கும். பஞ்சுக்கு இறக்குமதி வரி போடுவதும் எடுப்பதும் மத்திய அரசு. நூல் விலை ஏறினால் உங்கள் கம்பெனியில் எத்தனை நாள் ஷிப்ட் ஓடும் என்பது அதோடு சேர்ந்தது. வார்டு மெம்பர் தெருவிளக்கைப் போடுவார். உங்கள் கூலியைத் தொடும் பல விஷயங்கள் டெல்லியில் முடிவாகின்றன. எம்.பி. தெருவுக்கு வராததால்தான் நாம் அவரை மறந்துபோகிறோம்.

'எங்கள மாதிரி ஆளுங்க காசுக்குத்தானே போறோம்' என்ற வரியை நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். 2024-இல் தமிழ்நாட்டில் அதிக வாக்குப்பதிவு உங்கள் தர்மபுரித் தொகுதியில், 81 சதவீதத்துக்கு மேல். மிகக் குறைவு மத்திய சென்னையில், சுமார் 54. படித்தவர்களும் வசதியானவர்களும் நிறைந்த நகரத்தில் பாதிப்பேர் வீட்டில் இருந்தார்கள், கூலி வேலைக்குப் போகும் மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். பணம் புழங்கியது உண்மைதான். பணம் மட்டும்தான் அவர்களை அழைத்துவந்தது என்பது உண்மை இல்லை. பணமே பார்க்காத ஊர்களிலும் கிழவிகள் கைத்தடி ஊன்றி வருகிறார்கள். கேட்டால், 'போடலேன்னா செத்தவங்க கணக்குல சேத்துருவாங்க' என்கிறார்கள். சட்டப்படி அது தவறு என்று மேலே சொன்னேன். ஆனால் அந்தப் பேச்சுக்குள் இருக்கும் அர்த்தம் எனக்குப் புரிகிறது: நானும் ஒரு ஆள், என்னை விட்டுவிட்டு எண்ணாதே. அதிகாரி முதல் முதலாளி வரை எல்லாரும் உங்களோடு ஒரே வரிசையில் நின்று, ஆளுக்கு ஒன்று என்று எண்ணப்படும் இடம் வேறு எது இருக்கிறது?

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1951–52-இல் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றுதான் எழுதச் சொன்னார்கள். தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. 1962-இல் ஆண்களில் 63 சதவீதம் வாக்களித்தபோது பெண்கள் 47 சதவீதத்தைத் தொடவில்லை. 2019-இலும் 2024-இலும் பெண்களின் விகிதம் ஆண்களைவிட இம்மியளவு கூடுதல். வீட்டு வேலை, கைக்குழந்தை, மாமியார் பேச்சு எல்லாவற்றையும் தாண்டி வந்த தூரம் அது. மாமனாரின் விரலாக மாறி நீங்கள் அழுத்திய அந்த ஒரு நாளுக்காக, உங்கள் பங்கை அப்படியே விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

நோட்டா

உங்கள் தோழி சொன்னது தவறு. நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் பெற்றவரே வென்றவர். 2024-இல் இந்தூரில் நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு. வென்றவர் எந்தத் தடையும் இல்லாமல் எம்.பி. ஆனார். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நோட்டாவைக் கொண்டுவரச் சொன்னதற்குக் காரணம் வேறு. அதற்கு முன் 'யாருக்கும் போட விருப்பமில்லை' என்றால் அலுவலரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுத வேண்டும். சாவடியில் உள்ள எல்லாருக்கும் அது தெரிந்துவிடும். யாருக்கும் போடாமல் இருப்பதும் ஒரு கருத்து, அதுவும் ரகசியமாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். உங்கள் தொகுதியில் நிற்கும் ஒருவர் மேலும் உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் தாராளமாக அதை அழுத்தலாம். ஆளை மாற்றும் என்று நம்பி அழுத்தாதீர்கள்.

எந்த ஊர் ஓட்டு உங்களுடையது?

உங்கள் சிக்கலுக்குத் தீர்வே இங்குதான் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் பெயர் ஒரே இடத்தில்தான் இருக்கலாம், அது அவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடம். சொந்த ஊரில் வீடு இருப்பது மட்டும் போதாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஒன்பது வருடமாக நீங்கள் குடியிருப்பது திருப்பூர். உங்கள் ஓட்டு திருப்பூரில்தான் இருக்க வேண்டும். அங்கே மாறிவிட்டால் இரவு பஸ் இல்லை, இரண்டு நாள் சம்பள இழப்பு இல்லை, சாவடி வாசலில் மாமனாரும் இல்லை.

இரண்டு ஊரில் பெயர் இருக்கிறது என்பதற்காக இரண்டிலும் போட்டால், இரண்டுமே செல்லாது. ஆள்மாறாட்டக் குற்றத்திலும் வந்து நிற்கும். படிவத்தில் தெரிந்தே பொய் சொல்லிக் கையெழுத்திட்டால் ஓராண்டு வரை சிறை. நீங்கள் அப்படி எதுவும் செய்யவில்லை. இனி சரிசெய்துகொண்டால் போதும்.

முதலில் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் குடிபெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவுக்காரர்கள் என்று ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டன. உங்களுடையது ஒன்றோ இரண்டுமோ போயிருக்கலாம். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் தேடலாம், 1950 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஏதாவது ஓர் ஊரில் பெயர் இருந்தால் படிவம் 8 கொடுத்துத் திருப்பூருக்கு மாற்றுங்கள். இன்னோர் ஊரிலும் இருந்தால் அதை நீக்கப் படிவம் 7. எங்குமே இல்லையென்றால் படிவம் 6, அதனுடன் கேட்கும் இணைப்புகள். முகவரிக்கு ஆதார், பேங்க் பாஸ்புக், கரண்ட் பில், கேஸ் பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இவற்றில் ஒன்று போதும். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் தர மறுத்தார் என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆதாரில் திருப்பூர் முகவரியை மாற்றிக்கொண்டால் அவர் தயவே தேவையில்லை. எதுவும் இல்லாவிட்டாலும் பி.எல்.ஓ. என்ற வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரித்துச் சேர்க்க வழி உண்டு.

இதைத் தேர்தல் அறிவித்த பிறகு செய்துகொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வேட்புமனுவுக்கான கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரும் கைவைக்க முடியாது. மனுவை விசாரிக்கவும் நாள் வேண்டும். அதனால் அதற்குப் பத்து நாள் முன்பாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தேர்தல் இல்லாத காலம்தான் இதற்கு நல்ல காலம்.

லீவும் சம்பளமும்

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை என்பது கம்பெனியின் தயவு அல்ல. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135-பி பிரிவு. எந்தத் தொழில் நிறுவனமாக இருந்தாலும், வாக்குரிமை உள்ள தொழிலாளிக்கு அன்று விடுமுறை தர வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்ற அடிப்படையில் வேலை செய்பவருக்கும், அன்று வேலை செய்திருந்தால் கிடைக்கும் கூலியைக் கொடுக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பீஸ் ரேட்டில் தைப்பவர்களும் இந்த வரியைக் காட்டிக் கேட்கலாம். மீறினால் அபராதம் 500 ரூபாய்தான். முதலாளியைப் பயமுறுத்தாத தொகை என்பது எனக்கும் தெரியும். ஆனால் தனியாகக் கேட்காமல் லைனில் உள்ள பத்துப் பேர் சேர்ந்து, ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம். தேர்தலையொட்டி அதற்கென்று தொடர்பு எண்களை அறிவிப்பது வழக்கம்.

வாக்காளர் அட்டை ஊரிலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், போட்டோ ஒட்டிய பாஸ்புக் போன்ற ஒன்றைக் காட்டிப் போடலாம். அட்டையைக் கேட்டு மாமனாரிடம் போய் நிற்க வேண்டாம்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

மாமனார் மேல் புகார் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. மிரட்டல், அடி என்று போனால் அப்போது வேறு.

முதலில் கணவரிடம் பேசுங்கள். அவர் பயத்தில்தான் பேசுகிறார், பிடிவாதத்தில் இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது. உரிமைத் தொகை நிற்காது என்று தெரிந்தாலே பாதி வழிக்கு வந்துவிடுவார். அவருடைய பெயரையும் சேர்த்தே திருப்பூருக்கு மாற்றுங்கள். குடும்பமாக ஒரே சாவடியில் இருந்தால் பி.எல்.ஓ.வுக்கும் எளிது, வெளியில் 'மருமகள் தனியாகப் பிரிச்சுட்டா' என்ற பேச்சும் வராது. மாற்றி முடித்த பிறகு மாமனாரிடம், 'ஒருத்தருக்கு ரெண்டு இடத்துல பேரு இருக்கக் கூடாதாம், அதான் குடியிருக்கிற ஊருக்கு மாத்திட்டோம்' என்று கணவரையே சொல்லச் சொல்லுங்கள். அது முழு உண்மை. அடுத்த முறை அவர் வாக்குக் கொடுக்கும்போது எண்ணிச் சொல்ல, உங்கள் இருவரின் பெயர் அந்த ஊரில் இருக்காது.

படிவம் கொடுத்ததும் ஒப்புகை எண் ஒன்று தருவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள். ஒரு மாதமாகியும் பெயர் வரவில்லை என்றால் அந்த எண்ணோடு வாக்காளர் பதிவு அலுவலரைப் பாருங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதினைந்து நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது ஆட்சியரிடம், மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கட்டம் வந்தால் உத்தரவின் நகலோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.